மேடையில் கோரஸ் பிட்: பேடில் தட்டலாமா, கீயில் வாசிக்கலாமா, லேப்டாப்பில் ஓட்டலாமா?

மெல்லிசைக் குழு மேடையில் பாடகர்கள் மூன்று பேர், மிஞ்சினால் ஐந்து பேர். பாட்டிலோ பல்லவிக்கு முன்னால் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு ஹம்மிங், இடையிசையில் ஒரு 'தன்னன்னா', அம்மன் பாட்டு என்றால் குலவை, குத்துப்பாட்டு என்றால் கூட்டமாக ஒரு 'ஏய்'. இதற்கென்று தனியாகக் கோரஸ் ஆட்களைக் கூட்டிப்போகக் கட்டுபடியாகாது. "அண்ணே, அந்தக் கோரஸ் பிட்டை நீங்களே போட்டுடுங்க" என்று கீபோர்டுக்காரர் தலையில் வந்து விழுகிறது. குரலைப் பதிவு செய்து, சாம்பிளாக்கி (தட்டினால் ஒலிக்கும் துண்டாக்கி), சரியான இடத்தில் கையால் தட்ட வேண்டும்.

இதற்கு நாலைந்து வழி இருக்கிறது. என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாடல் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் ட்ரம்மர் காதில் கிளிக் (டெம்போவைக் காட்டும் மெட்ரோனோம் ஒலி) கேட்டு வாசிக்கிறவரா, இல்லை தன் போக்கில் வாசிக்கிறவரா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெம்போ 100, அதாவது நிமிடத்துக்கு 100 பீட். நாலு பார் நீளமுள்ள ஒரு கோரஸ் பிட், அதாவது 16 பீட். ஓடி முடிய 9.6 விநாடி ஆகும். கோயில் திருவிழா, முன்வரிசையில் பையன்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள், ட்ரம்மர் தன்னை அறியாமல் 104-க்குப் போய்விட்டார். இப்போது அதே 16 பீட் 9.23 விநாடியில் முடிந்துவிடும். வித்தியாசம் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் அந்த வேகத்தில் அது அரை பீட்டுக்கும் அதிகம். பிட்டின் கடைசி வரி வரும்போது தபலா ஒரு பக்கம், கோரஸ் ஒரு பக்கம். பாடகர் திரும்பிப் பார்ப்பார். பதிவான குரல் யாருக்காகவும் காத்திருக்காது. மேடையில் இருக்கிற எல்லோரும் அதைத் துரத்த வேண்டியதுதான்.

அடுத்த தொல்லை ஸ்கேல். ரெக்கார்டில் 5 கட்டையில் இருக்கும் பாட்டை மேடையில் பாடுகிறவர் நாலரையில் கேட்பார், நாலில் கேட்பார். சாதாரண சாம்பிளர் சுருதியை மாற்றும் விதம் மிகப் பழையது: வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். ஒரு செமிடோன் (பக்கத்துக் கீ வரையிலான இடைவெளி) ஏற்றினால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடும். மூன்று செமிடோன் ஏற்றினால் 19 சதவீதம். 2 விநாடி பிட் 1.68 விநாடியாகச் சுருங்கிவிடும். நீளம் மட்டும் மாறினால் பரவாயில்லை, குரலின் அடையாளமே மாறிவிடுகிறது. தொண்டையும் வாயும் தரும் அதிர்வுகளும் சேர்ந்து மேலே ஏறுவதால், முப்பது வயதுப் பெண்கள் பாடியது பால்வாடிப் பிள்ளைகள் பாடியதுபோல் ஆகிவிடும். இறக்கினால் தூக்கக் கலக்கம். என் காதுக்கு ஒரு செமிடோன் மேலே கீழே போனால் தெரியாது. இரண்டு, கூட்டக் குரல் என்றால் தாங்கும். மூன்றில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதெல்லாம் புதுப் பிரச்சினை இல்லை. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெளிவந்த மெல்லட்ரான் என்ற கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி நாடா. கீயை அழுத்தினால் அந்த நாடா சுமார் எட்டு விநாடி ஓடும், அப்புறம் நின்றுவிடும். விட்டால் தொடக்கத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு சுரத்தையும் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்ததால் கோரஸ் குரல் எந்தக் கீயிலும் குழந்தைக் குரலாகவில்லை. டிஜிட்டல் வந்தபோது நினைவகம் பொன் விலை விற்றதால் ஒரே பதிவை எல்லாக் கீக்கும் இழுக்க ஆரம்பித்தார்கள். 1980-களின் நடுவில் வந்த கேசியோ எஸ்கே-1 என்ற சின்னக் கீபோர்டு 1.4 விநாடிதான் பதிவு செய்யும். அதில் தன் பெயரைச் சொல்லிப் பதிவு செய்து கீயெல்லாம் வாசித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. நினைவகப் பஞ்சம் போய் எவ்வளவோ காலம் ஆகியும் அந்த இழுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பலரும் முதலில் பிடிப்பது கீபோர்டிலேயே இருக்கும் பேடு, அதாவது தட்டினால் பதிவான ஒலி ஓடும் பட்டன். யமஹா பிஎஸ்ஆர்-இ473-இல் நாலு பேடு. ஒவ்வொன்றிலும் சுமார் 9.6 விநாடி வரை பதிவு செய்யலாம். மேலே போட்ட கணக்கில் நாலு பார், சரியாகப் பொருந்துகிறது. பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 போன்ற பெரிய அரேஞ்சர்களில் (தாளமும் பின்னணியும் தானாக வாசிக்கும் கீபோர்டுகளில்) மல்டி பேடோடு வேவ் ஃபைலை இணைத்துத் தட்டலாம். நம் ஊர் மேடைகளில் நிறையத் தென்படும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10-இல் பென் டிரைவில் உள்ள ஆடியோவைப் பேடில் வைத்துக்கொள்ளலாம். ஜூனோ-டிஎஸ்ஸில் எட்டு பேடு இருக்கிறது. கற்க வேண்டியது ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை. 'ஏய்' மாதிரி ஒற்றைக் கத்தலுக்கும், பாட்டின் முதல் விநாடியிலேயே தனியாக வரும் கோரஸுக்கும் இதுவே போதும். தனியாக வரும் பிட்டுக்கு வேகத்தைச் சொல்வது பிட்டுதானே, பின்னால் வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டால் ஆயிற்று.

ஆனால் பேடில் ஒரு பள்ளம் இருக்கிறது. பாடகர் ஸ்கேலை இறக்கச் சொன்னதும் கை தானாக டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகும். அந்தப் பட்டன் கீபோர்டின் குரல்களையும் ஸ்டைலையும் மாற்றும். பேடில் இருக்கும் ஆடியோ ஃபைலைத் தொடவே தொடாது. ஸ்ட்ரிங்ஸ் நாலரைக் கட்டையில், கோரஸ் 5 கட்டையில். இதைவிட அசிங்கமான சத்தம் மேடையில் அரிது. ஒரே பிட்டை இரண்டு மூன்று ஸ்கேலில் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் நாலு பேடில் எத்தனை வைப்பது? ஒவ்வொரு பாட்டுக்கும் பேங்க் (பேடுகளின் தொகுப்பு) மாற்ற வேண்டும். பாட்டு வரிசை கடைசி நிமிஷத்தில் மாறும் கல்யாண ரிசப்ஷனில் அது நடக்கிற காரியம் இல்லை.

இரண்டாவது வழி, பிட்டைத் துண்டு போட்டுக் கீகளில் பரப்புவது. கிளிக் இல்லாத குழுவுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு.

9.6 விநாடிப் பிட்டை முழுசாக ஒரு கீயில் வைக்காமல், பாடியவர்கள் மூச்சு வாங்கும் இடங்களில் வெட்டுங்கள். நாலு பார் பிட் பொதுவாக நாலு அல்லது எட்டுத் துண்டு ஆகும். ஒவ்வொரு துண்டும் ஒன்றிரண்டு விநாடிதான். இப்போது ட்ரம்மர் 104-க்குப் போனால் என்ன? ஒவ்வொரு துண்டையும் நீங்கள் அவரோடு சேர்ந்தே தட்டுகிறீர்கள். ஒரு துண்டுக்குள் சேரும் வித்தியாசம் விநாடியில் நூறில் 5 பங்கு, மிஞ்சிப்போனால் 9. அடுத்த தட்டில் அதுவும் நேராகிவிடும். பாடகர் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரியை இழுத்தால் நீங்களும் காத்திருக்கலாம். கோரஸ் உங்கள் விரலுக்கு வந்துவிடுகிறது. டேப் ஓட்டுவதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது.

61 கீ உள்ள கீபோர்டில் இடது ஓரத்து ஒன்றரை ஆக்டேவைப் பிரித்து இதற்கு ஒதுக்குங்கள். துண்டுகளை வெள்ளைக் கீகளில் மட்டும், பாடும் வரிசையிலேயே வையுங்கள். கறுப்புக் கீகள் காலியாக இருந்தால் அவசரத்தில் விரல் தவறினாலும் ஆபத்தில்லை. துண்டின் தலையில் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே கேட்கும். ஆனால் 'ச', 'ஹ' போன்ற எழுத்தில் ஆரம்பித்தால் அந்தக் காற்றுச் சத்தத்தை வெட்டிவிடக் கூடாது. பீட்டுக்குச் சற்று முன்பே தட்டிப் பழக வேண்டியதுதான். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும் வசதியை அணைத்துவிடுங்கள். அடுத்த துண்டைத் தட்டினால் முந்தையது அடங்குமாறு மோனோவில் வையுங்கள். முக்கியமாக, சஸ்டெயின் பெடல் இந்தப் பகுதிக்கு வேலை செய்யாதபடி செய்துவிடுங்கள். வலது கையில் பியானோவுக்காகக் கால் பெடலில் இருக்கும்; இடது கையில் ஐந்து துண்டுக் கோரஸ் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சந்தைக்கடை ஆகிவிடும்.

டிரான்ஸ்போஸ் இங்கே வேறு வடிவத்தில் வந்து கடிக்கும். கீக்கு ஒரு துண்டு என்று வைத்திருக்கும்போது டிரான்ஸ்போஸ் ஒன்று இறக்கினால், நீங்கள் அழுத்தும் கீ பக்கத்துக் கீயாகிவிடும்; முதல் வரிக்குப் பதில் வேறு வரி கேட்கும், அல்லது காலிக் கீ என்பதால் ஒன்றுமே கேட்காது. யமஹா அரேஞ்சர்களில் ட்ரம் கிட்டுக்கு டிரான்ஸ்போஸ் பாதிப்பு கிடையாது, அதனால் துண்டுகளை ட்ரம் கிட் வகையில் அடுக்கினால் இந்தக் குழப்பம் தீரும். மற்ற கம்பெனிக் கீபோர்டுகளில் வீட்டிலேயே பட்டனை அமுக்கிப் பார்த்துவிடுங்கள். அப்போதும் ஸ்கேல் மாறாதே என்பீர்கள். அதற்காகத்தான் இரண்டு செட். மேடையில் ஸ்கேல் ஏறுவது அபூர்வம், இறங்குவதுதான் வழக்கம். ஒரிஜினல் ஸ்கேலில் ஒரு செட்டும், அதிலிருந்து மூன்று செமிடோன் கீழே ஒரு செட்டும் பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு செமிடோன் மேலேயும் கீழேயும் நகர்த்தினால், ஒன்று ஏற்றியதிலிருந்து நாலு இறக்கியது வரை ஆறு ஸ்கேல் விடுபடாமல் கிடைத்துவிடும். எதிலும் குழந்தைக் குரல் வராது.

எந்தக் கீபோர்டில் இது முடியும்? எஸ்எக்ஸ்900-இல் சொந்தச் சாம்பிளுக்கு 1 ஜிபி இடம், எஸ்எக்ஸ்700-இல் 400 எம்பி. கம்ப்யூட்டரில் யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் மென்பொருளில் அடுக்கி, பேக்காக்கி ஏற்ற வேண்டும். மோனோ வேவ் ஒரு நிமிடத்துக்கு 5 எம்பியைச் சற்றுத் தாண்டும். 1 ஜிபியில் மூன்று மணி நேரக் குரல் அடங்கும். நூறு பாட்டின் கோரஸ் பிட்டுகளுக்கு 400 எம்பியே தாராளம், இடத்துக்காக மட்டும் மேல் மாடலுக்குப் போக வேண்டாம். எக்ஸ்பிஎஸ்-10, ஜூனோ-டிஎஸ் இரண்டிலும் வேவ் ஃபைலை ஏற்றிக் கீயில் வைக்கலாம். பட்ஜெட் குறைவென்றால் இவை போதும். செகண்ட் ஹேண்டில் யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் கூடவே வரும் 128 எம்பி சாம்பிள் நினைவகம் கரண்ட் போனால் காலி. ஃப்ளாஷ் போர்டு தனியாகப் போட்டிருந்தால்தான் தங்கும். திருவிழாவில் இரவு பத்து மணிக்கு லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுவார்கள், கேட்டுக்கொண்டா மாற்றுகிறார்கள்? போர்டு போட்டிருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். பின்னால் வந்த மோடெக்ஸில் 1 ஜிபி ஃப்ளாஷ் உள்ளேயே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது வழியில் வேலை உங்கள் கையை விட்டே போய்விடும்: ரிதம் பேடு வாசிப்பவரிடம் கொடுத்துவிடுவது. ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் 2011-இல் வந்தது, ஒன்பது பேடு, சொந்தச் சாம்பிள் ஏற்றலாம். பழைய எஸ்பிடி-20-இல் இது முடியாது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். குலவையும் 'ஏய்'யும் உண்மையில் தாளத்தோடு பிறந்தவை. தவில் அடியோடு சேர்ந்து குலவை விழ வேண்டும் என்றால் அதே குச்சியால் அடிப்பதுதான் சரி, கீபோர்டில் எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் அந்த ஒட்டுதல் வராது. இவற்றுக்கு சுருதிக் கவலையும் இல்லை. வார்த்தை உள்ள கோரஸை மட்டும் அவரிடம் தள்ளாதீர்கள். இரண்டு கையும் ரிதத்தில் இருக்கும்போது எட்டுத் துண்டை எப்படி அடிப்பார்? எஸ்பி-404 எம்கே2 மாதிரி தனிச் சாம்பிளர்கள் அருமையான பெட்டிகள், ஆனால் அவற்றை நோண்டக் கையைக் கீயிலிருந்து எடுக்க வேண்டும். தனியாக பீட் செய்கிறவர்களுக்கு அது ஆகும். இடையிசையில் பத்து விரலும் தேவைப்படுகிற நமக்கு ஆகாது.

லேப்டாப்காரர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிப்பார்கள். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளில் வேகம் வேறு, சுருதி வேறு. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறாது. 2000-இல் ரோலண்ட் விபி-9000 என்று இதற்காகவே ஒரு தனிப் பெட்டி வந்தது, இன்று அது சாதாரண வசதி. டெம்போ 100-இலிருந்து 104-க்குப் போனால் குரல் அதற்கேற்பச் சுருங்கும், ஸ்கேல் இரண்டு செமிடோன் இறங்கினாலும் குரல் பெரிதாகக் கெடாது. அதிகம் நீட்டினால்தான் மணல் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். மேக் வைத்திருந்தால் மெயின்ஸ்டேஜ் மென்பொருள் மலிவு. விண்டோஸில் அது இல்லை. தாமதமும் பயப்படும் அளவுக்கு இல்லை: 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு) 128 என்றால் 2.9 மில்லிவிநாடி, 512 என்றால் 11.6. இதற்கு மேல் இன்டர்ஃபேஸ் தன் பங்கைக் கொஞ்சம் சேர்க்கும். நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் அவசியம், ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்கு இழுப்பதெல்லாம் வேண்டாம்.

ஆனாலும் அந்த வசதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. லேப்டாப்புக்கு டெம்போ தெரிய வேண்டும். அது யாருக்குத் தெரியும்? கிளிக் கேட்டு வாசிக்கும் ட்ரம்மர் உள்ள குழுவுக்குத்தான். இன்-இயர் (காதுக்குள் செருகும் ஹெட்போன்) போட்டு, பாட்டு வரிசை முன்கூட்டியே முடிவாகி, மேடைக்குப் பின்னால் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருக்கிற பெரிய கச்சேரிகளில் லேப்டாப்தான் ராஜா, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஜெனரேட்டர் மாற்றும்போதும் பேட்டரியில் நிற்கும். கிளிக் இல்லாத குழுவில் டெம்போவை அடிக்கடி கையால் தட்டித் திருத்த வேண்டும். அதற்குத் துண்டுகளையே தட்டிவிடலாமே. கூடவே மே மாத வெயிலில் தகரக் கூரை மேடை, சப்வூஃபர் அதிரும் மேசை, வாணவேடிக்கைப் புகை. எனக்கு மனசு வரவில்லை.

போனில் கோலா மாதிரி சாம்பிளர் செயலிகள் இருக்கின்றன. ஒத்திகைக்கும், துண்டு எங்கே வெட்டலாம் என்று பார்ப்பதற்கும் ரொம்பவே உதவும். மேடைக்கு வேண்டாம், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள்.

சாம்பிளே இல்லாத வழியையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் விலை கேட்பதில்லை என்பதால் மறந்துவிடுகிறார்கள். வார்த்தையில்லாத 'ஆ', 'ஊ' ஹம்மிங்குக்குக் கீபோர்டிலேயே கொயர் குரல் இருக்கிறது. நாலு சுரத்தை அழுத்தி, மேல் சுரத்தை மெட்டாக நகர்த்தி, லேசாக ஸ்ட்ரிங்ஸ் கலந்தால் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. எந்த ஸ்கேலுக்கும் எந்த வேகத்துக்கும் வரும். அந்த ஹம்மிங்கைக் கேட்டதும் பாட்டு இன்னதென்று ஜனம் கைதட்டும் என்கிற அளவுக்குப் பெயர்போன பிட்டை மட்டும் சாம்பிள் செய்தால் போதும். அப்புறம், அடுத்த பாட்டுக்காக மேடை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாடகர்கள். இரண்டு பேரை எழுப்பி ஒரே மைக்கில் நிறுத்தினால் நீங்கள் கொயர் குரலோடு கீழே தாங்கிக்கொள்ளலாம். நான் கேட்ட மேடைக் கோரஸ்களில் நன்றாக இருந்தவை பெரும்பாலும் இப்படிக் கலந்து செய்தவைதான்.

சாம்பிளுக்குக் குரல் எங்கிருந்து எடுப்பது என்பதில் தயவுசெய்து சோம்பேறித்தனம் வேண்டாம். ஒரிஜினல் பாட்டிலிருந்து மென்பொருள் மூலம் குரலைப் பிரித்தெடுப்பது இப்போது சுலபம். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் அதன் அடியில் சிக்கியிருக்கும் வயலினும் சிம்பலும் நுரைபோல் கேட்கும். அந்தப் பதிவின் உரிமையும் இசை நிறுவனத்துடையது. கச்சேரி வீடியோவை யூடியூபில் ஏற்றும்போது அது உங்களுக்கே தெரியவரும். உங்கள் குழுவில் இருக்கும் மூன்று பாடகிகளை ஒரு மதியம் அழைத்து, ஒவ்வொரு வரியையும் நாலு தடவை பாடவையுங்கள், ஒவ்வொரு தடவையும் மைக்கிலிருந்து நிற்கும் தூரத்தை மாற்றி. பன்னிரண்டு குரல் கிடைத்துவிடும். எதிரொலி சேர்க்காமல் பதிவு செய்யுங்கள், அதை மேடையில் சவுண்ட் ஆபரேட்டர் சேர்த்துக்கொள்வார். பேசிய சம்பளத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.

கீபோர்டு வாங்கக் கடைக்குப் போகும்போது வேவ் ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப்போங்கள். அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள். சில மாடலுக்கு நடுவில் கம்ப்யூட்டர் வேண்டும், அதையும் அவர்களே செய்து காட்டட்டும். கீயில் வைத்து வாசியுங்கள், டிரான்ஸ்போஸை இரண்டு இறக்குங்கள், பெடலை மிதியுங்கள், பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். மறுபடி அதே கீயைத் தட்டும்போது குரல் வர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். "அடுத்த அப்டேட்டில் சரியாகிடும் சார்" என்றால், அப்டேட் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.